திரையரங்கு வாசலில் இருந்து மோசடி அழைப்பு வரை: சிங்கப்பூர் ஐஎம்டிஏ பற்றி நம்மவர்கள் கேட்கும் கேள்விகள்

சிங்கப்பூருக்கு வந்த புதிதில் எனக்கு ஐஎம்டிஏ என்ற பெயரே தெரியாது. சினிமா டிக்கெட்டில் படத்தின் பெயருக்குப் பக்கத்தில் ஏதோ ஓர் எழுத்தும் எண்ணும் இருக்கும். சிம் வாங்கப் போனால் வேலை அனுமதி அட்டையைக் கேட்பார்கள். சில குறுஞ்செய்திகளின் தலையிலேயே எச்சரிக்கை ஒட்டி வரும். இத்தனைக்கும் பின்னால் ஒரே அலுவலகம்தான் இருக்கிறது என்பது மெதுவாகத்தான் புரிந்தது. புதிதாக வந்தவர்களும் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. அந்த அலுவலகத்துக்கும் எனக்கும் தொடர்பில்லை. ஆனால் இதெல்லாம் தெரியாமல் நம் ஆட்கள் பணத்தையும் நிம்மதியையும் இழப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

ஐஎம்டிஏ என்றால் என்ன?

தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம். 2016 அக்டோபர் 1 அன்று தொடங்கியது. அதற்கு முன் இரண்டு ஆணையங்கள் இருந்தன. தொலைத்தொடர்பையும் கணினித் துறையையும் ஐடிஏ பார்த்துக்கொண்டது. ஒளிபரப்பு, திரைப்படம், பதிப்பு ஆகியவை எம்டிஏவிடம் இருந்தன. இரண்டையும் சேர்த்துத்தான் இதை அமைத்தார்கள். மின்னிலக்க மேம்பாட்டு, தகவல் அமைச்சின்கீழ் இது இயங்குகிறது. 2024 ஜூலையில் பெயர் மாறும்வரை அது தொடர்பு, தகவல் அமைச்சாக இருந்தது. பழைய கடிதங்களில் அந்தப் பெயரைப் பார்த்தால் குழம்ப வேண்டாம். தலைமை அலுவலகம் பாசிர் பாஞ்சாங் சாலையில் இருக்கிறது.

ஊரில் சென்சார் போர்டு வேறு, டிராய் வேறு. இங்கே ஏன் எல்லாம் ஒரே இடத்தில்?

இந்தியாவில் படத்துக்குச் சான்றிதழ் தருவது ஒரு வாரியம், தொலைபேசிக் கட்டணத்தைக் கவனிப்பது டிராய், தொலைக்காட்சி தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் பொறுப்பு. ஒரே படம் திரையரங்கு, தொலைக்காட்சி, கைப்பேசி என்று மூன்று வழியிலும் வீட்டுக்குள் வந்துவிடும் காலம் இது. அதனால் கம்பியையும் அந்தக் கம்பியில் வருவதையும் ஒரே அமைப்பு கவனிக்கட்டும் என்று சிங்கப்பூர் முடிவெடுத்தது. சின்ன நாடு, அதனால் இது முடிகிறது. ஒரே கையில் இவ்வளவு அதிகாரமா என்று கேட்பவர்களும் உண்டு. அது நியாயமான கேள்வி என்றுதான் எனக்கும் படுகிறது.

படத்துக்குப் போடும் ஜி, பிஜி, என்சி16 எல்லாம் என்ன?

மொத்தம் ஆறு தரங்கள். ஜி எல்லாருக்கும் ஏற்றது. பிஜி என்றாலும் எல்லாரும் பார்க்கலாம், பெற்றோர் கொஞ்சம் கவனித்துக்கொள்ள வேண்டும். பிஜி13, 13 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கான எச்சரிக்கை. இந்த மூன்றிலும் வாசலில் யாரையும் வயது பார்த்துத் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

அதற்கு மேலே போனால் நிலைமை வேறு. என்சி16 என்றால் 16 வயது நிறைந்திருக்க வேண்டும். எம்18க்கு 18, ஆர்21க்கு 21. இவை அறிவுரை அல்ல, சட்டப்படியான தடை. பார்ப்பதற்குப் பெரியவராகத் தெரிந்தாலும் அடையாள அட்டையைக் கேட்பார்கள். மாணவர்கள் மறக்காமல் கையில் எடுத்துப் போக வேண்டும்.

தரத்துக்குப் பக்கத்தில் வன்முறை, தகாத சொற்கள் என்று ஒரு சின்ன வரியும் இருக்கும். நிறைய பேர் அதைப் படிப்பதில்லை. எண்ணைவிட அந்த வரிதான் பெற்றோருக்கு உதவும். ஒரே பிஜி13 தரத்தில் ஒரு படம் பேய்ப்படமாக இருக்கும், இன்னொன்று சண்டைப்படமாக இருக்கும்.

அம்மா அப்பா கூடவே இருக்கும்போதும் பிள்ளையை உள்ளே விட மாட்டார்களா?

விட மாட்டார்கள். நம் குடும்பங்கள் அதிகம் அடிபடும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு தீபாவளி வார இறுதியில் மதுரையிலிருந்து வந்திருந்த உறவுக்காரக் குடும்பத்தோடு படத்துக்குப் போனேன். பையனுக்கு ஏழு வயது. பிடித்த நடிகரின் படம் என்பதால் காலையிலிருந்தே குதித்துக்கொண்டிருந்தான். டிக்கெட்டை அவன் அப்பா இணையத்தில் எடுத்திருந்தார். வழியில் ஒரு கட்டம் வந்ததாம், படிக்காமல் டிக் போட்டுவிட்டாராம். பாப்கார்ன் வாளியைக் கட்டிப்பிடித்தபடி பையன்தான் முதலில் வாசலுக்குப் போனான். டிக்கெட் பார்க்கும் பெண் அவனைப் பார்த்தார், டிக்கெட்டைப் பார்த்தார், “என்சி16” என்றார். “நாங்கதான் பெத்தவங்க, கூடவே உட்காருவோம்” என்று அப்பா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அந்தப் பெண் குரலை உயர்த்தவே இல்லை. விட்டால் திரையரங்குதான் சட்டப்படி மாட்டும் என்று மட்டும் சொன்னார். கடைசியில் அவன் அம்மா அவனைக் கூட்டிக்கொண்டு கடைத்தொகுதியில் இரண்டரை மணி நேரம் சுற்றினார். நாங்கள் உள்ளே உட்கார்ந்திருந்தோமே தவிர, யாருக்கும் மனசு படத்தில் இல்லை.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்றால், ஊரில் யுஏ என்பது பெற்றோருக்கு ஓர் அறிவுரைதான். 2024இல் வந்த விதிகளின்படி அதை யுஏ 7+, யுஏ 13+, யுஏ 16+ என்று பிரித்திருக்கிறார்கள். அப்போதும் அது பெற்றோர் முடிவுக்கு விடப்பட்ட விஷயமே. ஏ சான்றிதழ் இருந்தால்தான் தடை. அந்தப் பழக்கத்தோடு இங்கே வந்து நிற்கிறோம். அங்கே யுஏ வாங்கிய படத்துக்கு, வெட்டுக்குத்து அதிகம் என்றால், இங்கே என்சி16 கிடைப்பது அடிக்கடி நடக்கிறது. ஊர்ச் சான்றிதழுக்கு இங்கே மதிப்பில்லை. ஒவ்வொரு படத்தையும் இங்கே புதிதாகப் பார்த்துத்தான் தரம் போடுகிறார்கள்.

ஆகவே டிக்கெட் எடுக்கும் முன் ஒரு நிமிடம் ஒதுக்குங்கள். ஐஎம்டிஏ இணையத்தளத்தில் படத்தின் பெயரைத் தட்டினால் தரமும் அதற்கான காரணமும் வரும். பண்டிகைப் படங்கள் என்றால் தரம் தெரியும்வரை பிள்ளைகளிடம் வாக்குக் கொடுக்க வேண்டாம்.

தரத்தை யார் முடிவு செய்கிறார்கள்? எதைப் பார்த்து?

1981ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டம்தான் அடிப்படை. கருப்பொருள், வன்முறை, நிர்வாணம், பாலுறவு, மொழி, போதைப்பொருள், திகில் என்று ஏழு கோணங்களில் பார்க்கிறார்கள். ஊரிலிருந்து வருபவர்கள் கவனிக்க வேண்டியது போதைப்பொருள். அது தொடர்பான காட்சிகளில் சிங்கப்பூர் மிகவும் கண்டிப்பு. சட்டம் திருத்தப்பட்ட பிறகு, பயிற்சி பெற்றுப் பதிவு செய்துகொண்ட மதிப்பீட்டாளர்கள் பிஜி13 வரைக்குமான தரத்தைப் போடலாம். அதற்கு மேற்பட்டவற்றை ஆணையமே பார்க்கும். சிக்கலான படங்களுக்குப் பொதுமக்கள் அடங்கிய ஆலோசனைக் குழுவின் கருத்தையும் கேட்பார்கள். தரம் பிடிக்கவில்லை என்றால் விநியோகஸ்தர் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம்.

சென்னையில் தம்பி பார்த்த காட்சி இங்கே படத்தில் இல்லையே?

பல நேரங்களில் அந்த வெட்டு விநியோகஸ்தரே விரும்பிச் செய்தது. என்சி16 கிடைத்தால் குடும்பக் கூட்டம் போய்விடும், அதனால் சில காட்சிகளைக் குறைத்து பிஜி13 வாங்கப் பார்ப்பார். வியாபாரக் கணக்குதான். அதற்காக ஐஎம்டிஏவைத் திட்டிப் பயனில்லை.

ஒரு படத்தை அடியோடு நிறுத்தவும் முடியுமா?

முடியும். 2022 மே மாதத்தில் ‘தி காஷ்மீர் ஃபைல்ஸ்’ என்ற இந்திப் படத்துக்குத் தரம் தர மறுத்தார்கள். முஸ்லிம்களை ஒருதலைப்பட்சமாக, தூண்டிவிடும் விதத்தில் காட்டுகிறது என்பது சொல்லப்பட்ட காரணம். வேறு அமைச்சுகளையும் கலந்துகொண்டே அந்த முடிவை எடுத்தார்கள். இனம், மதம் என்று வந்துவிட்டால் இங்கே தயவுதாட்சண்யம் கிடையாது. பல இனத்தவர் ஒரே புளோக்கில், ஒரே மின்தூக்கியில் போய் வரும் ஊரில் அந்தக் கவனம் தேவை என்பது என் எண்ணம். ஆனால் அரசியல் சார்ந்த ஆவணப்படங்களையும் முன்பு தடுத்திருக்கிறார்கள். அங்கே எனக்கு உடன்பாடு குறைவு. வளர்ந்தவர்கள் பார்த்து, அவர்களே முடிவு செய்யட்டும்.

வசந்தம், ஒலி 96.8 இரண்டையும் நடத்துவது ஐஎம்டிஏவா?

இல்லை. தொலைக்காட்சியான வசந்தம், வானொலியான ஒலி இரண்டையும் நடத்துவது மீடியாகார்ப் என்ற ஒளிபரப்பு நிறுவனம். உரிமம் தருவதும் விதிமுறை வகுப்பதும்தான் ஐஎம்டிஏ. அதோடு பொதுச்சேவை ஒளிபரப்புக்கு அரசாங்கப் பணமும் போகிறது. வசந்தம் 2008 அக்டோபரில் தனி ஒளிவழியானது. விளம்பர வருமானத்தை மட்டும் நம்பி இவ்வளவு சிறிய தமிழ்ச் சமூகத்துக்கு ஒரு முழு ஒளிவழி நடத்த முடியாது. ஒளிபரப்பில் தமிழைக் கேட்க வேண்டும் என்று நினைப்பவர்கள் இந்தப் பணத்தின் மதிப்பை உணர வேண்டும்.

தொலைக்காட்சிக்கு இன்னும் உரிமக் கட்டணம் உண்டா?

கிடையாது. வருடத்துக்கு 110 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டிய காலம் 2011இலேயே முடிந்துவிட்டது. யாராவது அந்தப் பெயரைச் சொல்லிப் பணம் கேட்டால் மோசடிதான்.

நெட்ஃபிளிக்ஸ் மாதிரியான சேவைகளுக்கும் இந்தத் தரங்கள் பொருந்துமா?

பொருந்தும். அவற்றுக்குத் தனி விதித்தொகுப்பு இருக்கிறது. ஆர்21 வரை காட்டலாம், ஆனால் அதைக் கடவு எண் போட்டுப் பூட்டி வைக்க வேண்டும். பூட்டைப் போடுவது சேவையின் வேலை, அந்த எண்ணைப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் வைத்திருப்பது நம் வேலை. வீட்டில் எல்லாரும் ஒரே கணக்கைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் பிள்ளைகளுக்குத் தனிப் பக்கம் திறந்து வயதைக் குறித்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

வீடியோ கேம்?

2008லிருந்து வயது வரம்பு உண்டு. எம்18 என்றால் 18 வயதுக்குக் கீழே விற்கக் கூடாது. 16 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று ஓர் அறிவுரைத் தரமும் இருக்கிறது.

+65 என்று வரும் அழைப்பு உள்ளூர் அழைப்புதானே? எடுத்தால் என்ன?

இது ஒன்றையாவது மனசில் வைத்துக்கொள்ளுங்கள்: சிங்கப்பூருக்குள் இருந்தே வரும் அழைப்பில் கூட்டல் குறி வராது. வெறும் எட்டு எண்கள் மட்டும்தான் தெரியும். 2020 ஏப்ரலில் இருந்து, வெளிநாட்டிலிருந்து வரும் எல்லா அழைப்புக்கும் முன்னால் கூட்டல் குறியைச் சேர்க்கும்படி தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கு ஐஎம்டிஏ விதி போட்டிருக்கிறது. அதனால் +65 என்று தெரிந்தால், எண் உள்ளூர் எண் போல இருந்தாலும் அழைப்பு வருவது கடல் கடந்து.

கட்டுமானத்தில் வேலை பார்க்கும் என் நண்பர் ஒருவர் மதியச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்த நேரத்தில் இப்படி ஓர் அழைப்பு வந்தது. அமைச்சிலிருந்து பேசுகிறோம், உங்கள் வேலை அனுமதியில் சிக்கல், அட்டை எண்ணைச் சொல்லுங்கள், வங்கி விவரத்தைச் சரிபார்க்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் மிரட்டல். சோற்றுக் கையைக்கூடக் கழுவாமல் அட்டையை எடுத்து எண்ணைப் படிக்கத் தொடங்கிவிட்டார். பக்கத்தில் இருந்த நான் திரையைப் பார்த்தேன். கூட்டல் குறி, 65, அப்புறம் எட்டு எண்கள். போனை வாங்கித் துண்டித்தேன். அவருக்குக் கை நடுக்கம் நிற்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. வேலை போய்விடுமோ என்ற பயம்தான் அந்த மோசடிக் கும்பலின் மூலதனம்.

ஒரே ஒரு விதிவிலக்கு. உங்கள் அக்காவோ நண்பரோ தங்கள் சிங்கப்பூர் எண்ணோடு ஜோகூருக்கோ ஊருக்கோ போயிருந்து அங்கிருந்து அழைத்தாலும் +65 வரும். எதிர்பார்த்த ஆள் என்றால் எடுங்கள், இல்லை என்றால் விட்டுவிடுங்கள். வெளிநாட்டு அழைப்பே வேண்டாம் என்றால் மொத்தமாகத் தடுக்கும் வசதியைத் தொலைத்தொடர்பு நிறுவனங்களே தருகின்றன. வெளியூரில் உறவே இல்லாத முதியவர்களுக்கு அது நல்ல பாதுகாப்பு. நமக்கு ஊரிலிருந்து அழைப்பு வரும், அதனால் யோசித்துச் செய்ய வேண்டும்.

சந்தேகம் இருந்தால் 1799க்கு அழையுங்கள். மோசடி குறித்துக் கேட்பதற்கான உதவி எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

குறுஞ்செய்தியில் ‘லைக்லி ஸ்கேம்’ என்று வருகிறதே, யார் போடுகிறார்கள்?

அதன் பொருள் ‘மோசடியாக இருக்கலாம்’. வங்கி, கடை, கூரியர் என்று எண்ணுக்குப் பதிலாகப் பெயரில் செய்தி அனுப்பும் எவரும் அந்தப் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். 2023 ஜனவரி 31லிருந்து, பதிவு செய்யாத பெயரில் வரும் செய்திகள் எல்லாம் இந்த முத்திரையோடு விழுகின்றன. அரசாங்க அமைப்புகள் 2024 ஜூலை 1 முதல் ‘கவ் டாட் எஸ்ஜி’ என்ற ஒரே பெயரில் அனுப்புகின்றன, சில விதிவிலக்குகளைத் தவிர. முத்திரை இல்லாத செய்தி எல்லாம் சுத்தம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வாட்ஸ்அப்பில், டெலிகிராமில் வருவதற்கு இந்தப் பதிவேடு காவல் இல்லை.

ஊருக்குத் திரும்பப் போகும்போது சிம்மை நண்பருக்குக் கொடுக்கலாமா? காசுக்குக் கேட்கிறார்கள்.

கொடுக்கவே கொடுக்காதீர்கள். முன்கட்டண சிம் ஒருவர் பெயரில் மூன்றுதான் வாங்கலாம் என்ற வரம்பு 2014லிருந்து இருக்கிறது. அதனால்தான் அடுத்தவர் பெயரிலுள்ள சிம்முக்கு மோசடிக் கும்பல்கள் அலைகின்றன. ஐம்பது வெள்ளி, நூறு வெள்ளி என்று ஆசை காட்டுவார்கள். 2025 ஜனவரி 1 முதல் இது குற்றம். முதல் முறைக்கே 10,000 வெள்ளி வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் கிடைக்கலாம். அந்த சிம்மில் யார் என்ன செய்தாலும் போலீஸ் முதலில் தேடி வருவது உங்களைத்தான். ஊருக்குப் போகும் முன் நிறுவனத்துக்குச் சொல்லி இணைப்பை முடித்துவிடுங்கள்.

விளம்பர அழைப்புத் தொல்லையை நிறுத்த வழி உண்டா?

உண்டு. ‘அழைக்க வேண்டாம்’ பதிவேட்டில் உங்கள் எண்ணை இலவசமாகச் சேர்க்கலாம். 2014லிருந்து நடப்பில் இருக்கிறது. ஐஎம்டிஏவின் பகுதியான தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையம் இதைக் கவனிக்கிறது. அழைப்பு, குறுஞ்செய்தி, தொலைநகல் மூன்றுக்கும் தனித்தனிப் பட்டியல், அதனால் முதல் இரண்டிலாவது சேர்த்துப் பதிவு செய்யுங்கள். பதிவு நடப்புக்கு வரச் சில வாரம் ஆகும். மோசடிக்காரர்கள் இதற்குக் கட்டுப்பட மாட்டார்கள், ஒழுங்கான கடைகள் கட்டுப்படும்.

கைப்பேசிக் கட்டணத்தில் தகராறு. ஐஎம்டிஏவிடம் சொன்னால் பணம் திரும்ப வருமா?

நேரடியாக வராது. முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுங்கள், அதன் நகலைப் பத்திரப்படுத்துங்கள். அங்கே முடியவில்லை என்றால், 2022இல் தொடங்கிய மாற்றுத் தகராறுத் தீர்வுத் திட்டம் இருக்கிறது. சிங்கப்பூர் சமரச நிலையம் நடத்துகிறது. கட்டணத் தொலைக்காட்சித் தகராறுக்கும் சிறு வியாபாரிகளுக்கும் பொருந்தும். நீங்கள் அங்கே போய்விட்டால் நிறுவனம் வர மாட்டேன் என்று சொல்ல முடியாது. தனி ஆள் பெரிய நிறுவனத்தோடு மல்லுக்கட்டும்போது இதுதான் பிடிமானம். இது இருப்பதே தெரியாமல் கட்டணத்தைக் கட்டிவிட்டு வருந்துகிறவர்கள் எவ்வளவோ பேர்.

சமூக ஊடகத்தில் வரும் மோசமான பதிவுகளுக்கும் இவர்கள்தானா?

ஒரு பகுதி. 2023 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, பயங்கரவாதம், சிறுவர் பாலியல் கொடுமை, தற்கொலைத் தூண்டல் போன்ற கொடிய பதிவுகளைச் சிங்கப்பூர்ப் பயனாளர்கள் பார்க்க முடியாதபடி தடுக்க ஐஎம்டிஏ உத்தரவிடலாம். ஃபேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டாக், எக்ஸ், யூடியூப், உள்ளூர் இணைய மன்றமான ஹார்ட்வேர்ஸோன் ஆகிய ஆறும் அதே ஆண்டு ஜூலையிலிருந்து ஒரு நடைமுறைத் தொகுப்புக்குக் கட்டுப்பட்டவை. பிள்ளைகளுக்கான பாதுகாப்பு வசதியும், புகார் செய்ய எளிதான வழியும் வைத்திருக்க வேண்டும். மீறினால் பத்து லட்சம் வெள்ளி வரை அபராதம்.

முதலில் அந்தத் தளத்திலேயே புகார் பொத்தானை அழுத்துங்கள். பதிவு அழிக்கப்படும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு போலீசுக்குப் போக வேண்டி வந்தால் ஆதாரம் வேண்டும்.

பொய்ச் செய்திச் சட்டம்?

பொஃப்மா. 2019 அக்டோபர் 2லிருந்து நடப்பில் இருக்கிறது. அதன் அலுவலகம் ஐஎம்டிஏவுக்குள்தான் இருக்கிறது, ஆனால் திருத்தம் போடச் சொல்லும் முடிவு அமைச்சர்களுடையது. அலுவலகம் அதை நிறைவேற்றுகிறது. வாட்ஸ்அப் குழுவில் வந்ததைக் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பும் பழக்கம் உள்ளவர்கள் இங்கே நிதானிக்க வேண்டும்.

அம்மாவுக்குக் கைப்பேசி பயன்படுத்தக் கற்றுத்தர ஆள் கிடைப்பார்களா?

கிடைப்பார்கள். 2020லிருந்து ஐஎம்டிஏ மின்னிலக்கத் தூதர்களை அமர்த்தியிருக்கிறது. சமூக மன்றங்களிலும் நூலகங்களிலும் உள்ள மையங்களில் மூத்தவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருவார்கள். வீடியோ அழைப்பு, பணம் அனுப்பும் பேநவ், அரசாங்கச் சேவைகளுக்குள் நுழைய உதவும் சிங்பாஸ் எதையும் கேட்கலாம். தமிழ் பேசும் தூதர் எந்த நாளில் இருப்பார் என்று முன்கூட்டியே விசாரித்துவிட்டுக் கூட்டிப் போங்கள். பெற்ற பிள்ளை சொல்லித் தந்தால் எரிச்சல் வரும், மூன்றாம் மனிதர் சொன்னால் பொறுமையாகக் கேட்பார்கள். என் அம்மா அப்படித்தான் கற்றுக்கொண்டார்.

இணைய முகவரியைத் தமிழிலேயே வைக்கலாமா?

வைக்கலாம், ‘.சிங்கப்பூர்’ என்றே முடியும்படி. 2011லிருந்து தமிழ் எழுத்தில் இந்த முகவரி இருக்கிறது, சீன எழுத்திலும் ஒன்று உண்டு. பதிவைக் கவனிப்பது ஐஎம்டிஏவின் துணை நிறுவனமான எஸ்ஜிநிக், நேரடியாகப் பதிவு செய்து தருவது அதன் அங்கீகாரம் பெற்ற முகவர்கள். நம் கடைகளிலும் சங்கங்களிலும் இதை எடுத்தவர்களை நான் பார்த்தது மிகக் குறைவு. உங்கள் சங்கத்துக்கு இணையத்தளம் தொடங்கும் எண்ணம் இருந்தால், பெயரைப் பதிவு செய்யும்போது முகவரிடம் தமிழ் முகவரியையும் கேட்டுப் பாருங்கள்.